ஒத்துப்போகாத கையெழுத்து

மருந்தியல் கல்லூரி அலுவலகத்தில் என் மேசைக்குப் பெயர் ‘தகுதிச் சரிபார்ப்பு’. படித்து முடித்தவர்களுக்குப் பட்டம் கொடுக்கலாமா என்று பார்த்து, ஒரு தாளில் பன்னிரண்டு கட்டங்களில் டிக் போடுவது என் வேலை. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, எண்பது சதவீத வருகை, ரெக்கார்டு நோட்டுகள், புராஜெக்ட், வாய்மொழித் தேர்வு, நூலகப் புத்தகம் எதுவும் கையில் நிற்கவில்லை என்ற சீட்டு, இப்படியே போய்க் கடைசிக் கட்டத்தில் நிற்கும்: பதிவுபெற்ற மருந்தாளுநர் ஒருவரின் கீழ் நூற்றைம்பது மணி நேரப் பயிற்சி. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பட்டம் கிடையாது. டிக் பச்சை மையில் போடுவேன், மறுப்பைச் சிவப்பில் எழுதுவேன். அதனால் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘சிவப்புப் பேனா’. என் காதுபடவே சொல்வார்கள். உள்ளுக்குள் எனக்கு அதில் பெருமைதான் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்த மேசையைத் தாண்டிப் போன ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவரைப் பற்றி மட்டும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவர் தாண்டவில்லை. நான் தாண்ட விடவில்லை.

அவரை எல்லோரும் ‘மெடிக்கல் அக்கா’ என்பார்கள். பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய மருந்துக்கடையில் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர். பள்ளிப் படிப்பை அறிவியல் பிரிவில் முடித்திருந்தார். தூசி தட்ட, பெட்டி அடுக்க என்றுதான் எடுத்தார்கள். இரண்டே வருடத்தில் கடையே அவர் கைக்குள் வந்துவிட்டது. டாக்டர்கள் கிறுக்கியதை வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்க்காமல் படிப்பார். மாத்திரை அட்டையை வெட்டும்போது காலாவதித் தேதி அச்சான முனையை வெட்ட மாட்டார், அது கடைசி மாத்திரை தீரும்வரை அட்டையிலேயே இருக்கும். வேறு கடைகளில் இதைச் சொன்னால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்குக் காகித உறையின் மேல் காலைக்கு ஒரு சூரியன், இரவுக்கு ஒரு நிலா வரைந்து கொடுப்பார். சூரியனுக்குக் கீழே தட்டு இருந்தால் சாப்பிட்ட பிறகு, தட்டு கவிழ்ந்திருந்தால் வெறும் வயிறு. எனக்குச் சர்க்கரை வந்தபோது எனக்கும் கவிழ்ந்த தட்டு வரைந்து கொடுத்தார்.

“எனக்குப் படிக்கத் தெரியும்மா” என்றேன்.

“தெரியும் சார். ஆனா படிக்கத் தெரிஞ்சவங்கதான் உறையப் படிக்கறதே இல்ல” என்றார்.

கடைச் சுவரில் ஒரு சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கும். அதன் மூலையில் அடர்ந்த மீசையோடு ஓர் இளைஞரின் படம். சட்டப்படி அந்தக் கடையின் மருந்தாளுநர் அவர்தான். சான்றிதழைக் கடைக்கு வாடகைக்கு விட்டுவிட்டு அவர் ஊருக்கு மறுகோடியில் தண்ணீர் கேன் வியாபாரம் செய்தார். மீசையும் போய்த் தலைமுடியும் போன பிறகும் சுவரில் மட்டும் இளமை குறையாமல் இருந்தார். வருடத்துக்கு ஒரு முறை லைசென்ஸ் புதுப்பிக்க வருவார், தன் படத்தைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வார், போய்விடுவார். கடையில் அவருக்கு ‘ஃபிரேம் சார்’ என்று பெயர்.

சில வகை மருந்துகளை விற்றால் ரிஜிஸ்டரில் நோயாளி பெயர், டாக்டர் பெயர் எழுதி மருந்தாளுநர் கையெழுத்துப் போட வேண்டும். ஃபிரேம் சார் கேன் தூக்கிக்கொண்டிருக்கும்போது கையெழுத்துக்கு எங்கே போவது? அக்கா மருந்து எடுத்துக் கொடுக்க ஆரம்பித்த முதல் வாரமே முதலாளி சொல்லிவிட்டார்: “அவர் போடற மாதிரியே நீ போட்டுடும்மா. எல்லாக் கடையிலயும் இதான் நடக்குது.” சுவர்ச் சான்றிதழில் படத்துக்குக் கீழே இருந்த கையெழுத்தைப் பார்த்து அக்கா பழகினார். ஆரம்பத்தில் அச்சு அசலாக வந்தது. ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை போட்டால் எந்தக் கையெழுத்தும் போடுகிறவர் கைக்கு வளைந்துவிடும். முதல் எழுத்தில் ஒரு கொக்கி வந்தது, கடைசியில் ஒரு சுழி வந்தது. ஃபிரேம் சாரின் சொந்தக் கையெழுத்தோ கேன் ரசீதுகளில் வேறு பக்கம் தேய்ந்து, வெறும் இரண்டு கோடாகிவிட்டது. இருபது வருடத்தில் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டன. யாரும் கவனிக்கவில்லை. யாருக்குத் தேவை?

அக்காவைப் படிக்க வைத்தது ஒரு கடிதம். அவருக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஒரு முதியவருக்கு டாக்டர் எழுதியிருந்த மாத்திரையின் அளவு மூன்று மடங்கு கூடுதலாக இருந்தது. அக்கா கொடுக்க மாட்டேன் என்றார். முதியவரின் மகன் கடை வாசலில் நின்று கத்தினான்: “நீ என்ன டாக்டரா? கைல ஒரு சர்டிபிகேட் இருக்கா?” அக்கா டாக்டருக்குப் போன் செய்தார். டாக்டர் சீட்டை இன்னொரு தடவை படித்துக் காட்டச் சொல்லிவிட்டு அளவை மாற்றிச் சொன்னார். மறுவாரம் அவரிடமிருந்து நன்றிக் கடிதம் வந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றிய தங்கள் விழிப்புணர்வுக்கு நன்றி என்று எழுதியிருந்தார். உறையில் இருந்த பெயர் ஃபிரேம் சாருடையது. முதலாளி அந்தக் கடிதத்தைச் சான்றிதழுக்குக் கீழேயே ஒட்டி வைத்தார்.

அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு அக்கா விண்ணப்பத்தோடு என் மேசைக்கு வந்தார். முதலாளி ஒப்புக்கொண்டிருந்தார்: பகலில் கல்லூரி, மாலையில் கடை. “நீ பாஸ் பண்ணிட்டு வா, அந்த ஆளக் கழட்டிட்டு உன்னுத மாட்டிடறேன்” என்றாராம். பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றும் கணவர் அன்றைக்கே ஒரு சுத்தியலோடு போய், சான்றிதழுக்குப் பக்கத்தில் இரண்டாவது ஆணி அடித்துவிட்டு வந்தார். அவசரக்காரர்.

நான்கு வருடப் படிப்பு. முடியாதவர்களுக்கு எட்டு வருடம் வரை அவகாசம், அதற்கு மேல் ஒரு நாள் கிடையாது. அக்காவுக்கு எட்டும் தேவைப்பட்டது. மருந்தைத் தெரிந்தவருக்கு மருந்தின் வேதியியல் தண்ணீர் காட்டியது. அறுகோணம் அறுகோணமாக வரைந்து மூன்று தடவை கோட்டைவிட்டார். ஏழாம் வகுப்பில் இருந்த மகள் உட்கார்ந்து கேள்வி கேட்பாளாம், அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்வாராம். “ரெண்டு பேரும் ஒண்ணாவே காலேஜ் முடிப்பீங்க போல” என்று கணவர் கிண்டல் செய்வார். மூன்றாம் ஆண்டில் மாமியார் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். வருகை எழுபத்தெட்டு சதவீதத்தில் நின்றது. என்னிடம் வந்தார்.

“ரெண்டு பர்சென்ட்தான் சார். மருத்துவமனைச் சீட்டெல்லாம் வெச்சிருக்கேன்.”

“சீட்டு மாமியாருக்கும்மா. உங்களுக்கு இல்ல. எண்பதுன்னா எண்பதுதான்.”

சிவப்புப் பேனாவை எடுத்தேன். ஒரு வருடம் போனது. அவர் என்னைத் திட்டவில்லை. அன்று மாலை கடைக்குப் போனேன், வழக்கம்போல அட்டையை வெட்டி, தட்டைக் கவிழ்த்து வரைந்து கொடுத்தார். எனக்கு நெஞ்சில் என்னவோ உறுத்தியது. விதியைப் பின்பற்றுகிறவனுக்கு உறுத்தல் கூடாது என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

இனி அந்தக் கடைசிக் கட்டத்துக்கு வருகிறேன். நூற்றைம்பது மணி நேரப் பயிற்சி என்பது எங்கள் கல்லூரியில் வெகுகாலமாக ஊரறிந்த கூத்து. பயிற்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு கடைக்குப் போவார்கள், ஐம்பது பக்கத்திலும் ஒரே மூச்சில் கையெழுத்து வாங்கி வருவார்கள். சிலர் அந்தச் சிரமமும் படாமல் விடுதி அறையிலேயே ஆளுக்கு ஆள் போட்டுக்கொள்வார்கள். இதை ஒழிக்க நான்தான் ஒரு யோசனை சொன்னேன். பயிற்சி பெற்ற கடையின் விற்பனை ரிஜிஸ்டரிலிருந்து ஒரு பக்கத்தை நகலெடுத்துக் கூடவே இணைக்க வேண்டும். மருந்தாளுநர் அதில் தினமும் கையெழுத்துப் போடுகிறார் அல்லவா? பதிவேட்டுக் கையெழுத்தையும் அதையும் ஒத்துப் பார்த்தால் திருடன் மாட்டிக்கொள்வான். பிரின்சிபால் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்தாறு வருட உத்தியோகத்தில் யாரும் எனக்காகக் கை தட்டியது அன்றைக்கு மட்டும்தான்.

எட்டாம் வருடம், எல்லாக் கட்டமும் பச்சையாகி, அக்காவுக்குப் பயிற்சி மட்டும் மிச்சம் இருந்தது. இருபது வருடம் மருந்து கொடுத்தவர் மருந்து கொடுக்கப் பயிற்சி பெற வேண்டும், அதுவும் சுவரில் தொங்கும் ஒரு படத்திடம். சிரிக்கத்தான் தோன்றும். அவர் சிரிக்கவில்லை.

அவர் என்ன செய்தார் என்பதைப் பிற்பாடுதான் அவர் வாயாலேயே கேட்டேன். ஐம்பது பக்கத்தையும் அரை மணி நேரத்தில் அவரே முடித்திருக்கலாம். அந்தக் கையெழுத்தை அவரைவிட நன்றாகப் போட ஊரில் ஆள் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேருந்து மாறி ஃபிரேம் சார் வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த வாரம் கடையில் பார்த்த சீட்டுகளை, கொடுத்த மருந்துகளை, திருப்பி அனுப்பியவற்றை, காரணத்தோடு ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறார். ஃபிரேம் சார் கேன்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கேட்டிருக்கிறார். முதல் வாரம் கொட்டாவி விட்டாராம். மூன்றாம் வாரத்திலிருந்து பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தாராம். பாதிக் கேள்விக்கு அவருக்கே பதில் தெரியாது, அக்காதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

“எதுக்கும்மா இவ்ளோ தூரம் அலையற? நீயே போட்டா நான் வேணாங்கப் போறேனா?” என்றாராம்.

“இது ஒண்ணாவது நெசமா இருக்கட்டும் சார்” என்றாராம் இவர்.

ஐந்து மாதம். ஐம்பது பக்கம். ஒவ்வொன்றிலும் அந்த இரண்டு கோடு.

அதே வகுப்பில் மூன்று பிள்ளைகள், அக்காவைவிடப் பதினைந்து வயதுக்கு மேல் சின்னவர்கள், பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து பல்லைக் காட்டினார்கள். “அக்கா, ப்ளீஸ்க்கா. நாங்க பரீட்சைக்குப் படிக்கணும்க்கா.” அக்கா திட்டிக்கொண்டே அவர்களுக்கு மட்டும் போட்டுக் கொடுத்தார். கொக்கியும் சுழியுமாக, ரிஜிஸ்டரில் போடுகிற மாதிரியே.

நான்கு பதிவேடுகளும் ஒரே கட்டில் என் மேசைக்கு வந்தன. ஒரே கடை, ஒரே மருந்தாளுநர், ஒரே ரிஜிஸ்டர்ப் பக்கத்தின் நகல். பூதக்கண்ணாடியை எடுத்தேன். முதல் மூன்றும் கனகச்சிதமாக ஒத்துப்போயின. நான்காவது ஒத்துப்போகவே இல்லை. குருடன்கூடச் சொல்லிவிடுவான். அந்த நொடியில் எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது என்பதை எழுதாமல் விட்டால் நான் மனிதனே இல்லை. என் யோசனை வேலை செய்கிறது என்ற சந்தோஷம். அப்புறம்தான் அட்டையைத் திருப்பி யாருடையது என்று பார்த்தேன். பார்த்த பிறகும் எழுதினேன்: ‘கையெழுத்து ஒத்துப்போகவில்லை. போலி.’

வெள்ளிக்கிழமை பட்டம் பெறுகிறவர்களின் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அந்த மாதத்தோடு அக்காவின் எட்டு வருடமும் முடிகிறது. வியாழன் காலை பிரின்சிபால் அறையில் விசாரணை வைத்தார்கள். பிரின்சிபால், துறைத் தலைவர் அம்மா, குறிப்பு எழுத நான். அக்கா கல்லூரிக்கு எப்போதும் போட்டு வரும் வெள்ளைக் கோட்டோடு வந்து நின்றார்.

“ஏம்மா, இத நீயே போட்டுக்கிட்டியா?” என்றார் பிரின்சிபால்.

“இல்ல சார். இது அவர் போட்டதுதான். ஒவ்வொரு பக்கமும் என் கண்ணு முன்னாடி போட்டது.”

“அப்ப ரிஜிஸ்டர்ல இருக்கறது?”

துறைத் தலைவர் மற்ற மூன்று பதிவேடுகளையும் விரித்து வைத்தார். “இங்க பாரு. அதே கடை, அதே ஆள். இந்த மூணு பேருக்கும் ஒத்துப்போகுது. உனக்கு மட்டும் எப்படி மாறும்? வயசானவங்க நீங்களே இப்படிச் செய்யலாமா?” பேச்சு ‘உனக்கு’ என்று தொடங்கி ‘நீங்களே’ என்று முடிந்தது. அந்த அம்மாவுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்திருக்கும்.

அக்கா அந்த மூன்று பதிவேடுகளையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். வாயைத் திறந்தால் கடை போகும், முதலாளி போவார், ஃபிரேம் சாரின் பதிவு போகும், படிப்பில்லாமல் மருந்து கொடுத்த குற்றம் அவர் தலையிலேயே விழும். வாயை மூடிக்கொண்டால் போலி என்ற பெயரோடு எட்டு வருடம் போகும். இதெல்லாம் அவருக்குத் தெரியாமல் இல்லை. மருந்துக்கடைச் சட்டம் அவர் எடுத்த பாடங்களிலேயே அதிக மதிப்பெண் வாங்கிய பாடம்.

நான் குறிப்பெழுத உட்கார்ந்திருந்த பக்கம் வந்தார். “சார், ஒரு பேனா குடுங்க” என்றார். கைக்கு வந்தது சிவப்புதான், அதையே கொடுத்தேன். குறிப்புக்காக வைத்திருந்த வெள்ளைத் தாளில் குனிந்து, ஒரு நொடிகூட யோசிக்காமல், கொக்கியும் சுழியுமாக ஐந்து கையெழுத்துப் போட்டார். தாளை எடுத்துப் போய்ப் பிரின்சிபால் முன்னால் ரிஜிஸ்டர் நகலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இருபது வருஷமா இது நான் போட்டது சார். இந்தப் பசங்களோடதும் நான்தான் போட்டேன். அவங்கள ஒண்ணும் செஞ்சுடாதீங்க, சின்னப் பசங்க. அவர் கையால போட்டது என்னோடது மட்டும்தான்.”

நான் எழுந்து போய்த் தாளையும் நகலையும் ஒத்துப் பார்த்தேன். அந்த மூன்று மட்டுமா? அலமாரியில் இருந்த மற்றக் கட்டுகள் நினைவுக்கு வந்தன. எல்லாக் கடையிலும் இதுதான் நடக்கிறது. ரிஜிஸ்டரில் போடுகிற கைதான் பதிவேட்டிலும் போடும், அதனால்தான் எல்லாம் அவ்வளவு அழகாக ஒத்துப்போயின. நான் கண்டுபிடித்த வலையில் அத்தனை போலியும் வழுக்கிக்கொண்டு போய், நிஜம் ஒன்றே ஒன்று சிக்கியிருக்கிறது.

பிரின்சிபாலுக்கும் அது புரிந்தது. என்னைவிடச் சீக்கிரம் புரிந்தது. அதனால்தான் அவர் பிரின்சிபால். அந்தத் தாளை மெதுவாக நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நீங்க வெளில இருங்கம்மா” என்றார். கதவு மூடியதும் என் பக்கம் திரும்பினார். “இத எழுதினா நாம மேல தெரியப்படுத்தணும். தெரியப்படுத்தினா இந்த வருஷப் பட்டியல் மொத்தமும் நிக்கும். போன வருஷத்தையும் தோண்டுவாங்க. நீங்க சொன்ன முறைதானே இது?”

“ஆமா சார்” என்றேன்.

“அந்தம்மாவுக்கும் இது நல்லதுதான். கேஸ் கீஸ்னு போகாம தப்பிச்சாங்க. மாணவி விளக்கம் எதுவும் அளிக்கவில்லைன்னு எழுதுங்க.”

துறைத் தலைவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுதினேன். கை நடுங்கியது என்று சொன்னால் நன்றாக இருக்கும். நடுங்கவில்லை. என் எழுத்து எப்போதும் போல முத்து முத்தாக இருந்தது.

மறுநாள் பட்டியல் போனது. அந்த மூன்று பிள்ளைகளும் பட்டம் வாங்கினார்கள். ஒருவன் இப்போது இரண்டு கடைகளுக்குச் சான்றிதழை வாடகைக்கு விட்டிருக்கிறான் என்று கேள்வி.

இரண்டு வாரம் கழித்து அக்கா தன் பள்ளிச் சான்றிதழ்களைத் திரும்ப வாங்க வந்தார். அன்றைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொன்னார். புகார் சொல்கிற தொனியே இல்லை. நான்தான் கேட்டேன், அவர் சொன்னார். நான் எதையோ சொல்ல வாயெடுத்தேன். மன்னிப்பு என்ற சொல் அரசாங்க மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவன் தொண்டையில் அவ்வளவு எளிதாக ஏறாது. பெற்றுக்கொண்டதற்கான நோட்டை அவர் பக்கம் தள்ளினேன். பேனாவை எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“யாரோட கையெழுத்து சார் போடணும்?”

நக்கலாகக் கேட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். நிஜமாகவே கேட்டார். அவரே தன் பெயரை, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதுவது போல, ஒவ்வோர் எழுத்தாக எழுதிவிட்டுப் போனார்.

இன்றும் அவர் அந்தக் கடையில்தான் இருக்கிறார். சுவரில் மீசைக்காரரும் நன்றிக் கடிதமும் அப்படியே இருக்கின்றன. இரண்டாவது ஆணியில் பில் புத்தகம் தொங்குகிறது. மாதம் ஒரு முறை போகிறேன். மாத்திரையை வெட்டித் தருகிறார், தட்டைக் கவிழ்த்து வரைகிறார், பில்லில் கொக்கியும் சுழியுமாகக் கையெழுத்துப் போடுகிறார். அதைப் பார்க்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறேன்.

அந்த விசாரணைக் குறிப்பு அலுவலக அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது. ‘மாணவி விளக்கம் எதுவும் அளிக்கவில்லை.’ கீழே உள்ள கையெழுத்து என்னுடையது, என் கையால் போட்டது. யார் வேண்டுமானாலும் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.